நாவற்குடா 'நாவட்குடா' ஆகலாமா? எங்கள் ஊர்ப்பெயர்களின் உச்சரிப்பு பற்றி

ஊறணிச்சந்தி (மட்டக்களப்பு)

எல்லோருக்கும் வணக்கம். கல்முனை வீதியில் நாவற்குடாப் பக்கம் ஒரு புதுப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கிறது. தமிழில் 'நாவட்குடா' என்று போட்டிருக்கிறது. நாவலும் குடாவும் சேர்ந்தால் நாவற்குடா. இது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிந்த புணர்ச்சி. பலகை எழுதியவருக்கு ஆங்கில எழுத்து மட்டும் கையில் கிடைத்திருக்கிறது, அதைப் பார்த்துத் தமிழுக்குத் திருப்பியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

ஊர்ப் பெடியன் ஒருவன் படம் எடுத்து முகநூலில் போட்டான். வந்த பதில்களில் பாதிக்கு மேல் "இதெல்லாம் ஒரு பிரச்சினையா, இடம் விளங்கினால் போதும்தானே" என்றுதான் இருந்தது. எனக்கு அப்படி விட மனமில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அந்தப் பலகையைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டுகிறது. நாளைக்கு அதுதான் ஊர்ப்பெயர் ஆகிவிடும்.

உங்கள் ஊருக்கும் இப்படி நடந்திருக்கிறதா? ஊர்ப்பெயரை எப்படிச் சொல்வது சரி என்று தீர்மானிப்பது யார்? எழுதுங்கள்.

கடலோரம் (பொத்துவில்)

தம்பி, எங்கள் ஊரைக் கேளுங்கள். பொத்துவில். ஆங்கிலத்தில் நடுவில் இரண்டு ரீ (t) எழுத்துப் போட்டு எழுதுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர் 'பொட்டுவில்' என்றார். அதுவும் தமிழ்ச் செய்தியில். சிங்களவர்கள் பிழையில்லாமல் 'பொதுவில்' என்று த வைத்துச் சொல்கிறார்கள், தமிழில் வாசிப்பவர் ட வைக்கிறார். இதை எங்கே போய்ச் சொல்வது?

அறுகங்குடாவும் அப்படித்தான். அறுகம்புல்லில் இருக்கிற அறுகு அது. வல்லின ற. சீசன் தொடங்கினால் முளைக்கிற பலகைகளில் 'அருகம் பே', 'ஆருகம்பே', 'அருகம்பை' என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். எங்கள் வாப்பா காலத்து ஆட்கள் அந்த இடத்தை உல்லை என்றுதான் சொல்வார்கள். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் அங்கே விடுதி நடத்துகிற சில பேருக்கே விளங்குவதில்லை.

சென்னை வாசகி

நான் தமிழ்நாட்டில் இருந்து எழுதுகிறேன். 2004 சுனாமி சமயத்தில் இங்கே செய்திகளில் 'பட்டிகலோவா', 'ட்ரிங்கோமலி' என்று கேட்டேன். அவை மட்டக்களப்பும் திருகோணமலையும்தான் என்று சொல்லித்தர அப்போது யாரும் இல்லை. நல்ல தமிழ்ப் பெயர் இருக்கும்போது ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்து எழுத்துக்கூட்டியது வருத்தமான விஷயம்.

ஒரு கேள்வி. அக்கரைப்பற்று என்பதை நான் 'பட்ரு' என்கிற மாதிரி சொல்கிறேன். எங்கள் பக்கம் காற்று, நேற்று எல்லாம் அப்படித்தான். என்னுடன் வேலை செய்யும் கல்முனைத் தோழி வேறு மாதிரி சொல்கிறார். எது சரி?

படுவான்கரை வாத்தியார் (ஓய்வு)

தங்கச்சி, நல்ல கேள்வி கேட்டீர்கள். இந்த இழையில் வந்த எல்லாத் தொல்லைக்கும் அதற்குள்ளேதான் விடை இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் ற்ற என்பதை நுனிநாக்கை மேல்பல் முரசில் வைத்துச் சொல்வோம். ட்ட அளவுக்கு நாக்கு மேலே மடியாது, த்த அளவுக்குப் பல்லோடு ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம். ஆங்கிலேயர் தங்கள் ரீ எழுத்தைச் சொல்வதும் அதே இடத்தில்தான். அதனால்தான் நாங்கள் ரிக்கற் என்று ற் போட்டு முடிக்கிறோம். நீங்கள் டிக்கெட் என்கிறீர்கள். உங்கள் பக்கம் ற்ற நடுவில் ரகரம் கலந்து ஒலிக்கிறது. அது உங்கள் வழக்கு, அதில் பிழை இல்லை. ஆனால் அக்கரைப்பற்று, கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, போரதீவுப்பற்று எல்லாம் எங்கள் ஊர். எங்களிடம் வந்தால் எங்கள் ற்ற.

இனி ஆங்கில எழுத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) இருந்து எழுதியவர் அக்கரைப்பற்றுக்கு இரண்டு ரீ போட்டார். காதுக்குச் சரி. பொத்துவிலுக்கும் இரண்டு ரீ போட்டார், த்த என்பதற்கு அவரிடம் வேறு எழுத்து இல்லை. காத்தான்குடிக்கும் அப்படியே. மட்டக்களப்பின் ஆங்கிலப் பெயரிலும் இரண்டு ரீ, அங்கே அது ட்ட. ஆக ற்ற, த்த, ட்ட மூன்றும் ஒரே எழுத்துக்குள் போய்விட்டன. உள்ளே போனபோது மூன்று. வெளியே எடுக்கிறவர் ஊரை அறியாதவர் என்றால் மூன்றையும் ட்ட என்றுதான் எடுப்பார். 'பொட்டுவில்' பிறந்தது அப்படி. நாவற்குடாவின் ற் அங்கே ஒற்றை ரீ ஆகி, திரும்பி வரும்போது ட் ஆனதும் அப்படியே.

போதாததற்கு, அதே ட்ட சில ஊர்களுக்கு இரண்டு டீ (d) எழுத்தாகப் போயிருக்கிறது. ஓட்டமாவடியும் அட்டாளைச்சேனையும் அப்படி. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டையும் அதே. திருக்கோவில், தம்பிலுவில், வந்தாறுமூலை, சாய்ந்தமருது ஆகியவற்றில் தகரத்துக்கு ஒரு எச் சேர்த்து எழுதுகிறார்கள். பொத்துவிலும் காத்தான்குடியும் அந்த எச் இல்லாத பழைய முறையிலேயே நின்றுவிட்டன. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மூன்று எழுத்துமுறை கலந்து கிடக்கிறது. நெட்டெழுத்துக்கும் அடையாளம் இல்லை. காரைதீவு 'கரைதீவு' ஆகிறது. ஒலுவிலை 'ஓலுவில்' என்று நீட்டுகிறார்கள்.

ஆனபடியால் ஆங்கிலத்தில் இருந்து தமிழ்ப் பெயரை மீட்டெடுக்க முடியாது. முடியவே முடியாது. தமிழில் எழுத வேண்டுமென்றால் தமிழில்தான் கேட்க வேண்டும்.

மற்றது ழகரம். வாழைச்சேனை, பழுகாமம், தாழங்குடா, மகிழூர், மகிழடித்தீவு, அமிர்தகழி என்று எங்கள் மாவட்டத்தில் எத்தனை ழ. எல்லாவற்றையும் ள போட்டுக் கொன்றுகொண்டிருக்கிறோம். நுனிநாக்கு மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பது ழகரம் என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்லியிருக்கிறது. சொந்த ஊரின் பெயரையே 'வாளைச்சேனை' என்று சொன்னால் பலகை எழுதுபவரை நாங்கள் என்ன குறை சொல்வது?

கோறளைப்பற்றுப் பிள்ளை (வாழைச்சேனை)

சேர், முதல் பாதிக்கு நன்றி. ரீ எழுத்துக் கதையை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசிப் பந்தியை ஏற்க மாட்டேன்.

எங்கள் அம்மம்மா 'வாளச்சேன' என்றுதான் சொல்வார். பஸ் கொண்டக்டரும், சந்தை மீன்காரரும், ஓட்டமாவடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களும் அப்படியே. ழ என்று நாக்கை மடித்துச் சொல்கிறவர் வெளியில் இருந்து வந்த செய்தி வாசிப்பாளர் மட்டும்தான். ஊர்ப்பெயரை ஊரார் எல்லோரும் பிழையாகச் சொல்கிறார்கள், வெளியூர்க்காரர் ஒருவர்தான் சரி என்றால், அந்தப் பெயர் யாருடையது?

தொல்காப்பியத்தை எடுத்தீர்கள். அதன் பாயிரத்திலேயே வழக்கும் செய்யுளும் என்று இரண்டையும் சொல்லித்தானே தொடங்குகிறது? வழக்கு முதலில் வருகிறது சேர்.

எழுத்தில் ழ இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ழ போட்டே எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் வாய்ப்பேச்சைப் பிழை என்றால் அம்மம்மாவைப் பிழை என்பதாகிவிடும்.

படுவான்கரை வாத்தியார் (ஓய்வு)

பிள்ளை, பாயிரத்தைச் சரியாகவே பிடித்தீர்கள். ஆனால் எழுத்தும் பேச்சும் இவ்வளவு தூரம் பிரிந்தால் எழுத்துத்தான் கடைசியில் தோற்கும். 'தாளங்குடா' என்று எழுதிய கடைப் பலகையை இப்போதே காட்டலாம். தாழை மரம் போய்த் தாளம் வந்துவிட்டது. அம்மம்மாவை நான் திருத்தச் சொல்லவில்லை. வகுப்பில், மேடையில், வானொலியில் ழ வர வேண்டும். இலங்கை வானொலி அந்த நாளில் தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கியதற்கு உச்சரிப்பும் ஒரு காரணம்.

கோறளைப்பற்றுப் பிள்ளை (வாழைச்சேனை)

மேடைக்கும் வானொலிக்கும் சரி. ஒத்துக்கொள்கிறேன். வீட்டு வாசலுக்கு வேண்டாம்.

பனிக்காற்று (ரொறன்ரோ)

நீங்கள் இருவரும் சொல்வதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. மகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். பூர்வீக ஊர் எது என்று கேட்டதற்கு 'களுவாஞ்சிக்குடி' என்று எழுதினாள். ஆங்கிலத்தில் அதற்கு நடுவில் டபிள்யூ (w) எழுத்து, கடைசியில் டீயும் வையும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஆங்கிலத் தொனியில் வாசிக்க, இப்போது அவளும் அப்படியே சொல்கிறாள். பாட்டி தொலைபேசியில் 'களுவாஞ்சிகுடி' என்று க்கை அழுத்தாமல் சொல்கிறார். ஆசிரியர் வல்லினம் மிக வேண்டும் என்கிறார். ஊரில் இரண்டு எழுத்தும் பலகைகளில் இருக்கிறது. நான் எதைச் சொல்லிக் கொடுப்பது?

கோறளைப்பற்றுப் பிள்ளை (வாழைச்சேனை)

அண்ணா, பாட்டியின் குரலைப் பதிவு செய்து வையுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் தனியாகச் சொல்லச் சொல்லாமல், "நாளைக்குக் களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போகணும்" என்கிற மாதிரி வசனத்தில் சொல்லச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் எல்லோரும் புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். மகள் அந்த ஒலியைப் பிடிக்கட்டும். எழுத்து மறுகா வரும்.

மருதமரம் (சாய்ந்தமருது)

நல்ல இழை. முஸ்லிம் ஊர்களின் பக்கம் இருந்தும் எழுத வேண்டும். அக்கரைப்பற்றை எங்கள் உம்மா 'அக்கரப்பத்து' என்பார். சம்மாந்துறை 'சம்மாந்துற', கல்முனை 'கல்முன', அட்டாளைச்சேனை 'அட்டாளச்சேன'. கடைசி ஐ பேச்சில் எப்போதும் தேய்ந்துதான் வரும். தமிழர், முஸ்லிம்கள் என்று பார்த்தாலும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. கரையோரம் முழுக்க ஒரே ஓசைதான்.

எனக்கு விடை கிடைக்காத ஒன்று: அம்பாறையா, அம்பாரையா? அரச பலகைகளில் பெரும்பாலும் ற. தனியார் பலகைகளிலும் பத்திரிகைகளிலும் ர அடிக்கடி வருகிறது. வாயால் சொல்லும்போது இரண்டுக்கும் வித்தியாசம் காட்டுகிறவர் எவரையும் நான் கண்டதில்லை. சிங்களத்தில் அம்பார. அங்கே இந்த இரண்டு ரகரப் பிரச்சினை கிடையாது, அதனால் அதைப் பார்த்தும் தீர்க்க முடியாது. 1961இல் மட்டக்களப்பில் இருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கியபோதாவது ஒரு எழுத்தைப் பிடித்து எல்லோரும் அதிலேயே நின்றிருக்கலாம். தேர்தல் வந்தால் வாக்குச்சீட்டில் திகாமடுல்ல என்று வேறு பெயர். மாவட்டம் ஒன்று, அதை எழுத மூன்று வழி.

படுவான்கரை வாத்தியார் (ஓய்வு)

வாயால் தீர்க்க முடியாததை எழுத்து வழக்கால்தான் தீர்க்க வேண்டும். அம்பாறை என்ற ற வடிவம் அரச ஆவணங்களில் நிலைத்துவிட்டது. அதிலேயே நிற்போம். வவுணதீவும் இதே வகைதான். வவுனியாவைப் பார்த்துப் பழகிய கை 'வவுனதீவு' என்று எழுதிவிடுகிறது. எங்களுடையது மூன்று சுழி ண. காரைதீவில் பிறந்த சுவாமியின் பெயரையே பாதிப் பேர் விபுலாநந்தர் என்றும் பாதிப் பேர் விபுலானந்தர் என்றும் எழுதுகிறோம். தமிழ்ப் பேராசிரியராக இருந்து, கலைச்சொல் ஆக்கத்துக்கு உழைத்த மனிதர். அவர் பெயரிலாவது ஒரே எழுத்துக்கு வந்திருக்க வேண்டும்.

எழுவான் (செங்கலடி)

எல்லோரும் எழுத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். முக்கியமான விஷயத்தை ஏன் தொடவில்லை? மட்டக்களப்பை 'மடகலபுவ' என்கிறார்கள். குடும்பிமலை 'தொப்பிகல' ஆகிவிட்டது. பட்டிப்பளை ஆறு 1949இல் தொடங்கிய நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தோடு 'கல் ஓயா' ஆனது. இதுவும் உச்சரிப்புப் பிரச்சினையா?

கடலோரம் (பொத்துவில்)

எழுவான் தம்பி, நீங்கள் மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள்.

மடகலபுவ என்று சிங்களத்தில் சொல்வது அவர்கள் வாய்க்கு வருகிற வடிவம். நாங்களும் கொளம்ப என்பதைக் கொழும்பு என்கிறோம், பொலன்னருவ என்பதைப் பொலன்னறுவை என்கிறோம், குருணாகல, தம்புல்ல எல்லாவற்றுக்கும் எங்கள் வால் ஒட்டியிருக்கிறோம். அவர்கள் யாரும் எங்களோடு சண்டைக்கு வரவில்லை. ஒரு மொழிக்காரர் இன்னொரு மொழிப் பெயரைத் தன் நாக்குக்கு ஏற்றபடி சொல்வது உலக வழக்கம். அதில் நான் வழக்குப் போட மாட்டேன்.

குடும்பிமலையும் பட்டிப்பளை ஆறும் அப்படி இல்லை. அங்கே ஒலி மாறவில்லை, பெயரே வேறு. அதற்குப் பின்னால் காணி, குடியேற்றம், யுத்தம் எல்லாம் இருக்கிறது. அதைப் பேசத்தான் வேண்டும், ஆனால் தனி இழையில் பேசுவோம்.

எனக்குக் கோபம் வருவது தமிழர் தமிழில் எழுதும்போது வருகிற பிழையில்தான். அதற்கு வேறு யாரையும் காரணம் சொல்ல முடியாது.

எழுவான் (செங்கலடி)

பிரித்துச் சொன்னது விளங்குகிறது நானா. ஆனால் ஒன்று. தமிழ்ச் செய்தியில் 'தொப்பிகல' என்று தமிழ் வாசிப்பாளரே சொல்லும்போது அது உங்கள் மூன்றாவது வகைக்குள்ளும் வருகிறது. தமிழில் பேசுகிறவர் தமிழ்ப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். இதை விட மாட்டேன்.

கடலோரம் (பொத்துவில்)

அதில் உங்களோடு நிற்கிறேன்.

மொழிபெயர்ப்பு மேசை (கொழும்பு, சொந்த ஊர் பெரியகல்லாறு)

ஒரு அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் உதவும்.

திட்டம் ஒன்று வரும். அதன் இடப்பெயர்ப் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். பொறியியலாளரின் வரைபடம், கேள்விப்பத்திரம் (டெண்டர்), ஒப்பந்தம் எல்லாம் ஆங்கிலத்திலேயே வருவதால் வேறு வழி இல்லை. அந்தப் பட்டியல் மாலையில் மேசைக்கு வரும், காலையில் தமிழும் சிங்களமும் வேண்டும் என்பார்கள். தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், அவர் மலையகத்தவராகவோ மன்னார்க்காரராகவோ இருக்கலாம். நாவற்குடாவை வாழ்க்கையில் கேட்டிருக்க மாட்டார். யாரைக் கேட்பது என்றும் தெரியாது. அவர் எழுதியது பலகை செய்பவரிடம் போகும். பலகை செய்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் கணினியில் எழுத்துரு உடைந்து கொம்பும் காலும் இடம் மாறினாலும் கண்டுபிடிக்க மாட்டார். மறுகா அது வீதியில் ஏறி நிற்கும்.

இதில் கெட்ட எண்ணம் உள்ளவர் எவரும் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்காததுதான் குறை. அந்தந்தப் பிரதேச செயலகத்தில் ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் தமிழ்ப் பெயர் இருக்கிறது. வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. பழைய பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் கோயில், பள்ளிவாசல் கல்வெட்டுகளிலும் இருக்கிறது. அதை வாங்கிப் பார்த்து எழுதினால் முடிந்தது.

திருத்துவதற்கும் வழி உண்டு. 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குப் பொதுமக்கள் முறைப்பாடு அனுப்பலாம். ஆனால் நேரே அங்கே போகாமல், முதலில் பலகை வைத்தவர்களுக்குப் படத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். சரியான எழுத்துக்கு ஆதாரமாகக் கிராம அலுவலர் பிரிவின் பெயரைக் காட்டுங்கள். சண்டை தொனியில் எழுத வேண்டாம். பல இடங்களில் அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

சென்னை வாசகி

படிக்கப் படிக்க எங்கள் ஊர்களும் ஞாபகம் வருகின்றன. தரங்கம்பாடியையும் தூத்துக்குடியையும் ஆங்கிலத்தில் என்ன பாடுபடுத்தி வைத்திருந்தார்கள். எங்களுக்குத் தமிழ்ப் பெயர் தமிழில் பிழைத்துக்கொண்டது, ஏனென்றால் பலகை எழுதுபவர் தமிழராகவே இருந்தார். இனி நான் 'பட்ரு' என்று என் வழக்கில் சொன்னாலும் எழுதும்போது அக்கரைப்பற்று என்று சரியாக எழுதுவேன். தோழியிடம் ற்றகரம் பழகிக்கொண்டிருக்கிறேன்.

படுவான்கரை வாத்தியார் (ஓய்வு)

தங்கச்சி, 'நெற்றி' என்று தோழியைச் சொல்லச் சொல்லி அவர் நாக்கைக் கவனியுங்கள். அதே இடம்தான்.

பிள்ளை எழுதியதை யோசித்தேன். வகுப்பில் ழ, வீட்டில் எது வருகிறதோ அது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. எழுத்தில் மட்டும் ஒரு இம்மியும் விட மாட்டேன்.

மருதமரம் (சாய்ந்தமருது)

ஆரையம்பதிக்காரர் யாரும் இங்கே இல்லையா? பழைய பெயர் ஆரைப்பற்றை. வயதானவர்கள் இன்னும் 'ஆரப்பத்த' என்கிறார்கள், இளையவர்கள் ஆரையம்பதி. அது பிழை திருத்தம் இல்லை, ஊரே வேறு பெயரை எடுத்துக்கொண்டது. ஊரார் தாங்களாக மாற்றினால் அதை ஏற்கத்தான் வேண்டும். தெரியாதவர் கை தவறி மாறுவதுதான் கூடாது.

ஊறணிச்சந்தி (மட்டக்களப்பு)

எல்லோருக்கும் நன்றி. மொழிபெயர்ப்பு மேசை அண்ணர் சொன்னபடி கடிதம் எழுதிவிட்டேன். வாத்தியார் ஐயா நேற்றிரவே பார்த்துத் திருத்தித் தந்தார். நாவற்குடாவின் கிராம அலுவலர் பிரிவுப் பெயர், பலகையின் படம், சரியான எழுத்து மூன்றையும் இணைத்திருக்கிறேன். வரும் கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, கிடைத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிவிடுவேன்.

தாழங்குடா, வவுணதீவு, அறுகங்குடாப் பலகைகளுக்கும் தனித்தனிக் கடிதம் போகலாம். தனியார் கடை, விடுதிப் பலகை என்றால் கடிதம் வேண்டாம், உரிமையாளரிடம் நேரே கதைப்போம். படம் அனுப்புபவர்கள் எந்த வீதி, வீதியின் எந்தப் பக்கம், யார் வைத்த பலகை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படத்தில் மூன்று மொழியும் தெரிய வேண்டும்.